மையில் தெரிந்த ஆள்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மைநோட்டம் ஒன்றின் ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று வரிசையாகத் தமிழ் பேசும் ஊர்கள். இங்கே நகை காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷன் இரண்டாவது இடம்தான். கிழக்கே போனால் கோடாங்கியும் அருள்வாக்கும், மேற்கே போனால் சோழி வைத்துப் பார்க்கும் பிரசன்னமும், வெற்றிலையில் தடவிய மையைப் பார்த்துக் குறி சொல்லும் மஷிநோட்டமும், அதாவது மைநோட்டமும். எல்லைக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரம்; ஒன்றில் பதில் வராவிட்டால் இன்னொன்று.

கீழே உள்ளதை ஒரே குடும்பத்தின் கதையாகத் தொகுத்திருக்கிறோம். வாளையாறிலிருந்து மீனாட்சிபுரம் வரை இதே கதை ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு நடக்கிறது. மை பார்ப்பவர் மோசடிக்காரரா என்பது இங்கே கேள்வி இல்லை. அவர் முழு நம்பிக்கையோடு செய்பவராகவே இருக்கட்டும். அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு தகவலும் எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

நடந்தது

தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீடு. காதுகுத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய மறுநாள், வீட்டம்மாவின் நான்கு சவரன் சங்கிலி காணவில்லை. 32 கிராம், முகப்பு இல்லாத நேர்ச் சங்கிலி. இரண்டு நாள் வீட்டைப் புரட்டினார்கள். பாத்திரம் கழுவ வரும் பெண்மீது சந்தேகம் என்று வீட்டுக்குள் பேச்சு. மூன்றாம் நாள் மை பார்ப்பவருக்குப் போன் செய்து நேரம் வாங்கி, நாத்தனாரையும் அவருடைய எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மையை உற்றுப் பார்ப்பது குழந்தை, கேள்வி கேட்பது மை பார்ப்பவர். பருவம் வராத பிள்ளைக்குத்தான் மை தெரியும் என்பது இதில் ஐதீகம்.

விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் திரி எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியைச் சுரண்டி, அதே எண்ணெயில் குழைத்தது மை. திரித்துணியை எந்தெந்தப் பச்சிலைச் சாற்றில் நனைத்து உலர்த்துவது என்பதில் ஆளுக்கொரு ரகசியம். சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் அந்த ரகசியத்தைத் துரத்த வேண்டியதில்லை. எரிந்தபின் எல்லாம் கரிதான். கொழுந்து வெற்றிலையின் நடுவில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்கு மை. எதிரே ஒரு குத்துவிளக்கு. ஜன்னல் சாத்தியாயிற்று.

"கண்ணு, வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது."

"ஒருத்தர் வந்து கூட்டறாரு பாரு. தண்ணி தெளிக்கறாரா?"

"ம்."

"நாற்காலி போட்டாச்சா? ஆஞ்சநேயரு வந்து உக்காந்துட்டாரா?"

"உக்காந்துட்டாரு."

"சாமிய கும்புட்டுக்கோ. சங்கிலிய எடுத்த ஆளக் காட்டுங்கன்னு கேளு. நிக்கறது சேலையா, வேட்டியா?"

குழந்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. "சேலை."

அங்கிருந்து கால் மணி நேரத்தில், வீட்டுக்கு வந்து போகும் ஆள், கறுத்த நிறம், பெயரில் 'ம' வரும் என்பது வரை முடிந்துவிட்டது. பாத்திரம் கழுவும் பெண்ணின் பெயர் ம-வில் தொடங்கும். அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மையில் உண்மையிலேயே ஏதோ தெரிகிறது

"அது சும்மா பொய் சொல்லுது" என்று குழந்தையைத் தள்ளிவிடுவது தவறு. அங்கே பார்க்க ஒன்று இருக்கிறது. விளக்கெண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.48. அப்படிப்பட்ட பரப்பில் நேராக விழும் ஒளியில் 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவே திரும்பி வரும். மீதியைக் கரி விழுங்கிவிடும். ஆக அது மங்கலான கறுப்புக் கண்ணாடி. வெற்றிலையின் நரம்பு மேடுகளால் அதன் பரப்பு சமமாக இராது. விளக்குச் சுடர் ஒன்று மூன்று நான்கு துண்டாக உடைந்து தெரியும். சுடர் அசைந்தால் துண்டுகளும் நடக்கும். கூட்டுகிறவர், தண்ணீர் தெளிக்கிறவர் எல்லாம் அந்த அசைவுக்கு வைத்த பெயர்கள்.

கண்ணும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. பார்வையை ஒரே புள்ளியில் நிறுத்தினால் ஓரத்தில் உள்ளவை சில விநாடிகளில் மங்கி மறையும். 1804-லேயே சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் இதை எழுதிவைத்தார். இத்தாலியின் ஜோவான்னி கபூட்டோ 2010-ல் 50 பேரை மங்கிய வெளிச்சத்தில் பத்து நிமிடம் கண்ணாடி பார்க்க வைத்தார். 66 விழுக்காட்டினர் தங்கள் முகம் பெரிதும் உருமாறியதாகவும், 28 விழுக்காட்டினர் முன்பின் தெரியாத ஒருவரின் முகம் தெரிந்ததாகவும் சொன்னார்கள். மந்திரம் இல்லை, பூசை இல்லை, படித்த பெரியவர்கள்.

உருவம் தெரிகிறது என்பதில் வழக்கே இல்லை. அந்த உருவத்துக்குச் சங்கிலி எங்கே என்று தெரியுமா என்பதுதான் வழக்கு.

பன்னிரண்டு வாக்கு

அமர்வில் சொன்னதை வரிசையாகப் பிரித்தால் பன்னிரண்டு வருகிறது. நகை இன்னும் உருகவில்லை. வீட்டு எல்லை தாண்டவில்லை. தண்ணீர்ப் பக்கம். தென்மூலை. இருட்டான இடம். பெண். வந்து போகும் ஆள். கறுத்த நிறம். பெயரில் 'ம'. உடம்பில் ஒரு தழும்பு. 21 நாளுக்குள் சேதி வரும். கடைசியாக, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது ஒன்று பாக்கி நிற்கிறது.

கடைசி வாக்கைக் கேட்டதும் வீட்டம்மா அழுதுவிட்டார். இந்த வட்டாரத்தில் குலதெய்வக் கோயில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ்நாட்டுப் பக்கம். போக வர ஒரு நாள். நேர்ந்துகொண்டு செய்யாமல் விட்டது ஒன்றாவது இல்லாத வீட்டைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். தண்ணீர்ப் பக்கம் என்பதும் அப்படித்தான். கிணறு, குழாயடி, தொட்டி, குளியலறை, தோப்புக்குப் பாயும் வாய்க்கால் என்று எங்கே நின்றாலும் பத்தடியில் தண்ணீர். 'ம' பெயரின் முதலெழுத்து என்று அவர் சொல்லவே இல்லை. பெயரில் வரும் என்றார். மாரியம்மாள், லட்சுமி, குமாரி, ராமாத்தாள் எல்லோரும் அதில் அடக்கம்.

வீட்டு எல்லை தாண்டவில்லை என்பதும், வந்து போகும் ஆள் எடுத்தார் என்பதும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. யாரும் கேட்கவில்லை. நகை வீட்டிலேயே கிடைத்தால் முதல் வாக்கு பலித்தது, வெளியே கிடைத்தால் இரண்டாவது. தழும்பு? அந்தப் பெண்ணுக்கு முழங்கையில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. சமையலறையில் வேலை செய்யும் யாருக்கு இல்லை?

கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு வாக்கும் ஒரு சராசரி வீட்டுக்குப் பாதிக்குப் பாதி பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டில் குறைந்தது நான்கு பலிக்கும் வாய்ப்பு 92 விழுக்காட்டுக்கும் மேல். நான்கு பலித்தால் போதும், "புட்டுப் புட்டு வச்சாருங்க" என்று ஊருக்குள் பேச்சு பரவிவிடும். பொய்த்துப்போன எட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமர்வை முழுக்கப் பதிவு செய்து எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். நினைவிலிருந்து எழுதினால் பட்டியலில் ஐந்துதான் இருக்கும், ஐந்தும் சரியாக இருக்கும்.

பொதுவான சொற்களை மக்கள் தங்களுக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்வதை அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-ல் வகுப்பறையில் காட்டினார். 39 மாணவர்களுக்குத் தனித்தனி ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி, ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே பத்தியைக் கொடுத்தார். தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி ஐந்துக்கு 4.26.

குழந்தை கொண்டுவந்த தகவல்

சேலை, கறுப்பு, வந்து போகும் ஆள். இந்த மூன்றும் பொதுவான சொற்கள் இல்லை, ஓர் ஆளைக் குறிப்பவை. இவை எங்கிருந்து வந்தன? அந்தப் பிள்ளை இரண்டு நாளாக அந்த வீட்டில்தான் இருந்தது. பெரியவர்கள் யாரைச் சந்தேகிக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். மை பார்ப்பவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேள்வி கேட்டால் போதும். அதற்கு முன் வந்த கேள்விகளையும் பாருங்கள். கூட்டறாரா, தெளிக்கறாரா, உக்காந்துட்டாரா என்று எல்லாமே 'ஆமாம்' சொல்லப் பழக்கும் கேள்விகள். 'இல்லை' என்று சொன்னால் பெரியவர்கள் முகம் வாடும் என்று பிள்ளை அதற்குள் கற்றுக்கொண்டிருக்கும்.

ஒருவரைப் பற்றி முன்கூட்டியே கெட்ட பேச்சைக் காதில் போட்டு, பிறகு தூண்டும் கேள்விகளைக் கேட்டால், அவர் செய்யாததைச் செய்ததாகச் சிறு பிள்ளைகள் விவரத்தோடு சொல்வார்கள் என்பதை மிஷெல் லைக்ட்மனும் ஸ்டீஃபன் சேசியும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மைநோட்டத்தில் அந்த இரண்டு நிபந்தனைகளும் தாமாகவே நிறைவேறிவிடுகின்றன.

ஜெர்மனியில் 'கணக்குப் போடும் குதிரை' ஹான்ஸின் மர்மத்தை ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் 1907-ல் உடைத்ததும் இப்படித்தான். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. விடை நெருங்கும்போது கேட்பவரின் தலை மிக நுட்பமாக அசைவதைப் பார்த்து அது குளம்பை நிறுத்தியிருக்கிறது. இங்கே குழந்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்ததே, அந்த ஒரு கணம்தான் முழு அமர்வின் சாவி. வீடியோ எடுப்பவர்கள் வெற்றிலையை எடுக்கிறார்கள்; எடுக்க வேண்டியது குழந்தையின் கண்ணை.

மற்ற வழிகளும் உண்டு. நேரம் வாங்கிய போன் நம்பரில் பெயரும் புரொஃபைல் படமும் வரும். திண்ணையில் காத்திருக்கும்போது "எந்த ஊருங்க, என்ன விசயமா வந்தீங்க?" என்று பேச்சுக்கொடுக்கும் ஆள் உள்ளே போய் வருவார். ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்த ஆட்டோக்காரரிடம் வழியெல்லாம் புலம்பியிருப்பார்கள். இவை நடந்தே தீர்ந்தன என்று சொல்லவில்லை. அடைக்கப்படாத வழி இருக்கும்வரை, தகவல் மையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

வழிகளை அடைத்து ஒரு சோதனை

மை பார்ப்பவர் இசைந்தால் அரை நாளில் முடியும். தேவை: ஒரே அளவு, ஒரே நிறம், உள்ளே தெரியாத மூடியுள்ள பத்து டப்பா, நான்கு கிராம் மோதிரம் ஒன்று, அதே எடையில் ஒன்பது இரும்பு வாஷர், பஞ்சு, 1 முதல் 10 வரை சீட்டு.

மோதிரத்தையும் வாஷர்களையும் பஞ்சில் சுற்றி, டப்பாவுக்கு ஒன்றாக வையுங்கள். பஞ்சு இல்லாவிட்டால் தூக்கும்போது சத்தம் காட்டிக்கொடுக்கும். வாஷர் இல்லாவிட்டால் எடை காட்டிக்கொடுக்கும். எந்த டப்பாவில் மோதிரம் என்பதைச் சீட்டு குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். மனிதர்கள் மனசுக்குத் தோன்றியதை எடுத்தால் முதலையும் கடைசியையும் தவிர்ப்பார்கள், 3, 7 பக்கம் சாய்வார்கள். அதை மற்றவர் ஊகித்துவிடலாம். எடுத்த சீட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பப் போட்டுக் குலுக்கவும்.

மறைப்பவர் தனி அறையில் மறைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும். சோதனை முடியும்வரை மை பார்ப்பவரோ குழந்தையோ அவரைக் கண்ணால் பார்க்கக் கூடாது. அதன்பிறகு இன்னொருவர், எதில் மோதிரம் என்று தெரியாதவர், டப்பாக்களை முன்னறைக்குக் கொண்டுவருவார். இந்த இரண்டாம் ஆளை மிச்சம் பிடிக்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலான ஊர்ச் சோதனைகள் கெட்டுப்போகின்றன. மறைத்தவரே ஓரமாக நின்றுகொண்டு "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்பார். அவர் மூச்சு விடுவதே போதும்.

குழந்தை அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது. பெற்றோர் சம்மதத்தோடு வேறு ஊர்ப் பிள்ளை.

முதல் மூன்று சுற்று திறந்த சுற்று: மோதிரம் எந்த டப்பாவில் என்பதைக் காட்டிவிட்டே மையில் பார்க்கச் சொல்லுங்கள். "இன்னிக்கு நல்லாத் தெரியுது, தீட்டு ஒண்ணும் இல்ல, சந்தேகக்காரங்க இருக்கறதும் இடைஞ்சல் இல்ல" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பிற்பாடு சாக்குகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். பிறகு பத்து மறைவுச் சுற்று. விடையை எழுதிக் கையெழுத்து வாங்கியபின்தான் மூடி திறப்பது. "இன்னும் ரெண்டு சுத்து பாக்கலாம்" என்பதற்கு இடம் கிடையாது.

குருட்டாம்போக்கில் பத்துக்கு ஒன்று பலிக்கும். இரண்டு, மூன்று பலித்தாலும் வியப்பில்லை. ஐந்து அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவது பத்தாயிரத்தில் சுமார் 16 தடவைதான். ஆகவே ஐந்து என்று முன்கூட்டியே எல்லைக் கோடு போடுங்கள். ஒருவர் ஐந்து எடுத்துவிட்டால் புதிய ஆட்களை வைத்து இன்னொரு முறை. அதிலும் எடுத்தால் உலகத்தையே கூப்பிட்டுக் காட்டலாம்.

இன்னும் சுருக்கமான சோதனை ஒன்று நம் மண்ணிலிருந்து போனவர் விட்டுச்சென்றது. திருவல்லாவில் 1898-ல் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1963-ல் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் பந்தயம் வைத்தார். அவர் பட்டியலிட்ட அற்புதங்களில் ஒன்று, உறையில் மூடி முத்திரையிட்ட ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைப் படிப்பது. 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் வெல்லவில்லை. பிற்பாடு அதே பந்தயத்தைத் தொடர்ந்தவர் பி. பிரேமானந்த்; இருந்தது பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், கோவை போத்தனூரில். 2009-ல் அவர் மறையும்வரை அந்தப் பணமும் அப்படியே இருந்தது.

நோட்டுச் சோதனையில் ஒரு எச்சரிக்கை. வங்கியிலிருந்து வந்த புதுக்கட்டில் எடுக்காதீர்கள். எண்கள் வரிசையாக ஓடுவதால் பக்கத்து நோட்டைப் பார்த்தவருக்கு இதுவும் தெரியும். பல கடைகளில் வாங்கிய பழைய நோட்டுகளைக் குலுக்கி, எண்ணை யாருமே பார்க்காமல் ஒன்றை அலுமினியத் தாளில் மடித்து உறையில் போட வேண்டும். கடைசி ஆறு இலக்கம் தற்செயலாகப் பலிப்பது பத்து லட்சத்தில் ஒன்று.

ஆய்வகத்தில்

இறந்தவரோடு பேசுவதாகச் சொல்லும் மீடியங்களை இங்கிலாந்தில் கியாரன் ஓ'கீஃபும் ரிச்சர்ட் வைஸ்மனும் 2005-ல் சோதித்தார்கள். ஐந்து தொழில்முறை மீடியங்கள், கேட்க வந்த ஐந்து பேர். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பேசவில்லை. வாக்குகளை எழுத்தில் பெயர்த்து, எது யாருக்குச் சொன்னது என்று காட்டாமல் எல்லாவற்றையும் ஐவரிடமும் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். தனக்குச் சொன்னதும் அடுத்தவருக்குச் சொன்னதும் அவர்களுக்கு ஒன்றுபோலவே பொருந்தின. கோடாங்கி வாக்குக்கும் இதே முறை ஒத்துவரும். உடுக்கைச் சத்தத்தைக் கழித்துவிட்டு, சொன்னதை மட்டும் தாளில் கொடுத்துப் பாருங்கள்.

ஜாதகத்திலும் இப்படித்தான். ஜயந்த் நார்லிகர், நரேந்திர தாபோல்கர் முதலானோர் 2008-ல் மகாராஷ்டிரத்தில் 200 பிள்ளைகளின் ஜாதகங்களைத் திரட்டினார்கள். பாதி நன்றாகப் படிப்பவர்கள், பாதி மனவளர்ச்சி குன்றியவர்கள். ஆளுக்கு 40 ஜாதகம் வாங்கிப் பிரித்தனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி 46 விழுக்காடு. நாணயம் சுண்டியிருந்தால் 50.

எதிர்த்தரப்பில் சொல்லத் தகுந்தது கான்ஸ்ஃபெல்ட் சோதனைகள். கண்ணையும் காதையும் மூடிய ஒருவர், வேறு அறையில் இருப்பவர் பார்க்கும் படத்தை நான்கில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தற்செயலுக்கு 25 விழுக்காடு. சில தொகுப்புகளில் 32 வரை வந்ததாகச் சொன்னார்கள். ஆதரவாளர் ஹானர்டனும் விமர்சகர் ஹைமனும் 1986-ல் சேர்ந்து உட்கார்ந்து கடுமையான விதிகளை எழுதினார்கள். அதற்குப்பின் ஏழு ஆய்வகங்கள் நடத்திய 30 ஆய்வுகளை 1999-ல் மில்டனும் வைஸ்மனும் தொகுத்தபோது தற்செயலைத் தாண்டி ஒன்றும் தென்படவில்லை. இன்றும் விவாதம் ஓயவில்லை. ஆனால் ஆதரவாளர்கள் சொல்வதை அப்படியே ஏற்றாலும், நான்கு படத்தில் ஒன்றை நூற்றுக்கு ஏழு தடவை கூடுதலாகக் கண்டுபிடிப்பது எங்கே, ஒரு பெண்ணைத் திருடி என்று கைகாட்டுவது எங்கே?

அருள் வந்து ஆடுகிறவரின் மூளை மாறுகிறதே என்பார்கள். மாறும். பிரேசிலில் ஆவி சொல்ல எழுதும் பத்துப் பேரின் மூளை இரத்த ஓட்டத்தைப் படமெடுத்து 2012-ல் வெளியிட்டார்கள். அந்த நிலையில் வேறுபாடு தெரிந்தது. ஆடுகிறவர் நடிக்கவில்லை என்பதற்கு வேண்டுமானால் அது ஆதரவு. சொன்ன வாக்கு சரியா என்பதை அந்தப் படம் காட்டாது.

சங்கிலி

பதினேழாம் நாள் வாஷிங் மெஷின் தண்ணீர் கசிந்தது. மெக்கானிக் கதவு ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்தபோது சங்கிலி அங்கே கிடந்தது. தலையணை உறையோடு போயிருக்கிறது. "தண்ணிப் பக்கம், இருட்டு, வீடு தாண்டல, இருவத்தொரு நாளு, அப்படியே பலிச்சுதுங்க" என்று மறுவாரமே வெற்றிலை பாக்கோடு காணிக்கை வைத்துவிட்டு வந்தார்கள். மெஷின் இருந்தது வடமேற்கில். தென்மூலை என்ற வாக்கு யாருக்கும் நினைவில்லை. எடுத்த ஆள் என்ற வாக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை மீண்டும் கூப்பிடவும் இல்லை.

இப்படி ஒன்று நேர்ந்தால்: கடைசியாக நகை கழுத்தில் இருந்ததை யார் பார்த்தார்கள், போட்டோவில் இருக்கிறதா என்று முதல் நாளே எழுதிவையுங்கள். காதுகுத்துப் படங்களே நேரத்தைச் சொல்லும். தலையணை உறை, மெத்தை ஓரம், பீரோவின் பின்பக்கம், மெஷினின் ரப்பர் மடிப்பும் கீழே உள்ள வடிகட்டியும், குளியலறையில் தண்ணீர் போகும் துளைத்தட்டு என்று எல்லா இடமும் தேடுங்கள். திருட்டுத்தான் என்று தோன்றினால் புகார். எங்கே நடந்ததென்று தெரியாமல், பொள்ளாச்சி பஸ்ஸிலா கொழிஞ்சாம்பாறை வீட்டிலா என்று குழப்பம் இருந்தாலும், எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். மையில் தெரிந்த பெயரை அதில் எழுதாதீர்கள். ஆதாரமில்லாமல் ஊரறியச் சொன்னால், அவதூறு என்று அந்தப் பெண் உங்கள்மேல் வழக்குப் போடலாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகை என்றால் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. குறி அதில் இருக்கும். பில்லைத் தேடி அந்தக் குறியைப் புகாரில் சேர்த்து, பக்கத்து நகைக்கடன் கடைகளிலும் கொடுத்துவையுங்கள்.